மிதிவண்டிச் சிறுவர்க்கு விலகிய வீரர்

புக்கிட் பாஞ்சாங் என்னும் மலாய்ப் பெயருக்கு நீண்ட குன்று என்பது பொருள். பெயருக்கேற்ப இவ்வட்டாரத்துச் சாலைகள் மேடேறியும் பள்ளமிறங்கியும் செல்கின்றன. மேட்டின் மறுபுறத்தில் யார் வருகிறார் என்பது அதன் உச்சியை அடையும்வரை வண்டி ஓட்டுபவர்க்குத் தெரிவதில்லை. இத்தகைய மேடுபள்ளம் நிறைந்த ஒரு சாலையில்தான், 1935 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் நாள், இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில், உலகப் புகழ் பெற்ற வீரர் ஒருவர் தம் இறுதிப் பயணத்தை மேற்கொண்டார். தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ் என்பது அவர் பெயர். அரேபிய லாரன்ஸ் என்றால் பலரும் அறிவர். அவரைப் பற்றி 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தை நம் பெற்றோரும் பாட்டன்மாரும் பார்த்திருக்கக் கூடும். அப்படத்தில் ஒட்டகங்களையும் பாலைவனத்தையும் கண்டவர்கள், அதன் தொடக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிளை மறந்திருப்பர். நாம் ஈண்டுக் கூற விழைவது ஒட்டகத்தைப் பற்றி அன்று. அவரைச் சுமந்த இரு சக்கரங்களைப் பற்றியே.

லாரன்ஸ் 1888 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16 ஆம் நாள் வேல்ஸ் நாட்டிலுள்ள டிரெமடாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். உடன்பிறந்த ஆண்மக்கள் ஐவருள் அவர் இரண்டாமவர். குடும்பம் 1896 இல் ஆக்ஸ்போர்டு நகரில் குடியேறியது. இளமையிலேயே பழங்கோட்டைகள் மீது அவருக்கு அடங்காத ஆவல் இருந்தது. அவற்றை நூலில் படித்து அறிவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. மிதிவண்டியில் ஏறி, 1906 முதல் மூன்று ஆண்டுகள் கோடை விடுமுறைதோறும் பிரான்சு நாட்டைச் சுற்றினார். 1908 ஆம் ஆண்டுப் பயணத்தில் மட்டும் அவர் 2,000 மைலுக்கு மேல் மிதித்தார். நம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு முறை போய்த் திரும்பினாலும் அத்தொலைவுக்கு ஈடாகாது! மிதிவண்டியில் செல்பவன் காற்றுக்கும் மழைக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் எவ்வாறு ஆட்படுகிறான் என்பதை அவர் தம் கால்களாலும் முதுகாலும் கற்றுக்கொண்டார் என்று நாம் கருதலாம்.

அடுத்த ஆண்டு சிரியா நாட்டில் கால்நடையாகவே நெடுந்தொலைவு சென்று சிலுவைப் போர்க் காலக் கோட்டைகளைக் கண்டார். அந்த ஆராய்ச்சி அவருக்கு 1910 இல் முதல் வகுப்புத் தேர்ச்சியைத் தந்தது. பின்னர் அகழ்வாராய்ச்சிப் பணி. முதல் உலகப் போர் மூண்டதும் படையில் சேர்ந்தார். துருக்கியர் ஆட்சியை எதிர்த்து அரபு மக்கள் நடத்திய கிளர்ச்சியில் அவர்களோடு உண்டு, உடுத்து, உறங்கிப் போரிட்டார். 1917 இல் அக்காபாத் துறைமுகம் வீழ்ந்தது. 1918 இல் டமாஸ்கஸ் நகரம் கைப்பற்றப்பட்டது. அவ்வரலாறு நீண்டது, இங்கு விரிக்க இடமில்லை.

போர் முடிந்தபின் அவர் செய்த செயலே வியப்புக்குரியது. பட்டமும் பதவியும் தேடி வந்த வேளையில் அவர் தம் பெயரையே மறைத்துக்கொண்டு, 1922 இல் பிரிட்டிஷ் வானூர்திப் படையில் கடைநிலை வீரராகச் சேர்ந்தார். பிறகு ஷா என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். 1926 இறுதியில் அவர் கராச்சிக்கு அனுப்பப்பட்டார். அந்நகர் அக்காலத்தில் இந்தியாவைச் சேர்ந்திருந்தது. நாடு திரும்பியபின், கடலில் வீழும் வானூர்திகளிலுள்ளோரை மீட்பதற்கான விரைவுப் படகுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். உயிர் காக்கும் பணிக்கு வேகம் எவ்வளவு தேவை என்பதை உணர்ந்தவர் அவர்.

ஆனால் வேகத்தை வேகத்துக்காகவே விரும்பியவரும் அவரே. ஜார்ஜ் பிராவ் என்பார் நாட்டிங்காம் நகரில் செய்த பிராவ் சுப்பீரியர் மோட்டார் சைக்கிள்கள் ஏழினை அவர் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார், எட்டாவதும் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. மணிக்கு 100 மைல் ஓடும் என்று செய்தவரே உறுதி கூறிய வண்டி அது. விவிலியத்தில் வரும் பெயர் ஒன்றை அவர் அதற்கு இட்டிருந்தார். இடியின் மக்கள் என்பது அப்பெயரின் பொருள். வானூர்தி ஒன்றோடு போட்டியிட்டுச் சாலையில் பறந்த கதையை அவர் தம் நூலில் மகிழ்ச்சியுடன் எழுதியிருக்கிறார். இப்பழக்கத்தை நாம் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூற மாட்டோம். பெரியோரிடத்தும் கொள்ளத்தக்கன உண்டு, தள்ளத்தக்கன உண்டு.

1935 பிப்ரவரி இறுதியில் அவர் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பிரிட்லிங்டன் என்னும் கடற்கரை ஊரிலிருந்து அவர் புறப்பட்டது பேரொலி எழுப்பும் அந்த வண்டியில் அன்று, மிதிவண்டியில்! கழுத்தில் துணி சுற்றி, மிதிவண்டியைப் பிடித்தவாறு அவர் நிற்கும் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. டார்செட் வட்டாரத்தில் கிளவுட்ஸ் ஹில் என்னும் சிறு வீட்டில் அமைதியாக வாழ்வதே அவருடைய எண்ணம்.

அவ்வமைதி சில வாரங்களே நீடித்தது. மே 13 அன்று, நண்பரான எழுத்தாளர் ஒருவருக்குத் தந்தி அனுப்புவதற்காக அருகிலுள்ள போவிங்டன் படைமுகாமுக்கு மோட்டார் சைக்கிளில் சென்றார். தந்தியை அனுப்பிவிட்டு வீடு திரும்பும்போது, சாலைப் பள்ளத்தில் இரு சிறுவர்கள் அவருக்கு முன்னால் மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்தனர். பின்னால் ஓசை கேட்டதும் தாங்கள் ஒருவர்பின் ஒருவராக ஆனதாக அவர்கள் பின்னர் விசாரணையில் தெரிவித்தனர். தம் கடமையை அவர்கள் செய்தார்கள் என்றே கொள்ள வேண்டும். லாரன்ஸ் மேட்டைத் தாண்டி அவர்களைக் கண்ட கணத்தில் இடைவெளி மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் மீது மோதாதிருக்க வண்டியைத் திருப்பினார். ஆயினும் ஒரு மிதிவண்டியின் பின்சக்கரத்தை அவர் வண்டி உரசியது. அவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டார். அவர் தலையில் கவசம் இல்லை. அக்காலத்தில் சாலையில் அதை அணிவோர் அரியர்.

சிறுவர் இருவரும் பிழைத்தனர். லாரன்ஸ் ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19 அன்று உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 46. மோர்ட்டன் சிற்றூரில் நடந்த இறுதிச் சடங்கில் வின்ஸ்டன் சர்ச்சிலும் கலந்துகொண்டார்.

அவருடைய படுக்கையருகே வரவழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்து, மூளை அறுவை மருத்துவத்தில் தேர்ந்தவர். தம் கலை முழுவதையும் கொண்டு வந்தும் ஓர் உயிரைக் காக்க இயலாமற் போனது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை அவர் ஆராயத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்றோர் 1,884 பேர் சாலை விபத்தில் மாண்டிருந்தனர். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் அத்தொகை 2,279 ஆக உயர்ந்தது. பகைவரின் வானூர்திகளுக்கு அஞ்சி விளக்குகளை அணைத்து, சாலைகள் இருண்டு கிடந்த காலம் அது. மாண்டோருள் பெரும்பாலோர் தலையில் அடிபட்டவர்கள். கவசம் அணிந்திருந்து அடிபட்ட எழுவரை மட்டுமே கெய்ர்ன்ஸ் அதுவரை கண்டிருந்தார், அவ்வெழுவரும் இறக்கவில்லை. இவற்றை 1941 இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் தரைப்படை தன் மோட்டார் சைக்கிள் வீரர் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென ஆணையிட்டது. பொதுமக்களுக்கான சட்டம் அங்கு 1973 இல்தான் வந்தது. கெய்ர்ன்ஸ் அதைக் காணவில்லை; 1952 லேயே மறைந்துவிட்டார்.

நம் சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் பின்னால் அமர்வோரும் தலைக்கவசம் அணியாமல் செல்லக் கூடாது. சாலையில் மிதிவண்டி ஓட்டுவோர்க்கும் 2019 பிப்ரவரி முதல் அது கட்டாயமாயிற்று. ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இவ்வட்டாரத்தில் விடியுமுன் மிதிவண்டியில் வேலைக்குச் சென்ற பெரியோர், வெறுந்தலையோடு, விளக்கும் இல்லாமல் சென்ற நாள்களை எண்ணி இன்று வியக்கக் கூடும். இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்புறம் வெள்ளை விளக்கும் பின்புறம் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது இன்றைய விதி. தோட்டத்துத் தொழிலாளர் தோழர்களும் இதைக் கருத்திற் கொள்வது நன்று. லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு இருளில் தெரிவது அந்தச் சிறு சிவப்பொளி ஒன்றே.

லாரன்ஸ் கடைசிக் கணத்தில் தேடிய இடைவெளியை, மிதிவண்டியை முந்தும் ஓட்டுநர் முன்னதாகவே விட வேண்டும் என்கிறது நம் சாலை விதிநூல்: குறைந்தது ஒன்றரை மீட்டர். மிதிவண்டியில் செல்வோரும், ஒரே தடமுள்ள சாலையில் அச்சிறுவர்களைப் போல் ஒருவர்பின் ஒருவராகவே செல்ல வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும்.

புக்கிட் பாஞ்சாங் வழியாகச் சென்ற மலாயா இரயில் பாதை 2011 இல் மூடப்பட்டு, இப்போது நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பகிர்ந்துகொள்ளும் பசுமைவழியாக இருக்கிறது. மோட்டார் வண்டிகள் அங்கு வருவதில்லை. அங்கே மிதிவண்டிதான் வேகமான வண்டி; கைத்தடி ஊன்றி நடக்கும் பாட்டியும், தாயின் கையை விட்டு ஓடும் குழந்தையும்தான் மெலியவர். லாரன்சின் இடத்தில் அங்கு நிற்பவர்கள் நம் மாணவர்களே. தொலைவிலேயே மணியை ஒலித்து, வேகத்தைக் குறைத்து, விலகிச் செல்லும் கடமை அவர்களுக்கு உரியது.