சுறாப் பல்லும் ஒரு ஃபாதரும்

சிவில் பசங்களுக்கு ஜியாலஜி பேப்பர்ல ஒரு விதி வரும்: பாறை அடுக்குகளில் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பான்னு நானும் நினைச்சிருக்கேன். 1669-இல் அதைத் தெளிவா எழுதி வெச்சவர் நிக்கோலஸ் ஸ்டீனோ.

1638-இல் கோபன்ஹேகனில் ஒரு பொற்கொல்லர் வீட்டில் பிறந்தவர். படிச்சது மருத்துவம். 22 வயசுல ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஆட்டுத்தலையை அறுத்துப் பார்த்தப்போ, காதுப் பக்கச் சுரப்பியிலிருந்து வாய்க்கு எச்சில் கொண்டு வரும் குழாயைக் கண்டுபிடிச்சார். அவர் தங்கியிருந்த வீட்டுப் பேராசிரியர் அது தன்னோடதுன்னு கிளம்பிட்டார். (ப்ராஜெக்ட் பண்ணவங்களுக்கு வலி புரியும்.) இன்னைக்கு அந்தக் குழாய்க்கு ஸ்டீனோ பேர்தான். இதயம் ஒரு தசை, அவ்வளவுதான்னு அறுத்துக் காட்டினதும் இவர்தான்.

1666-இல் இத்தாலியில் லிவோர்னோ பக்கம் மீனவர்கள் ஒரு ராட்சத சுறாவைப் பிடிச்சாங்க. அதோட தலை ஃபிளாரன்ஸில் இருந்த ஸ்டீனோவிடம் வந்தது. பல்லைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. மால்டா பாறைகளில் கிடைக்கும் 'நாக்குக் கற்கள்' அச்சு அசல் இதே மாதிரி! அவை பாறைக்குள்ளேயே முளைக்குதுன்னுதான் அப்போ பலரும் நம்பினாங்க. அவை சுறாப் பற்கள்தான்னு அதுக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தார். ஆனா ஸ்டீனோ அடுத்த கேள்விக்குப் போனார்: திடப்பொருளுக்குள்ளே இன்னொரு திடப்பொருள் எப்படிப் போகும்? பல்லோட அச்சு பாறையில் பதிஞ்சிருக்கு. அப்போ பல் முதலில் கெட்டியா இருந்திருக்கணும், பாறை அப்போ சேறா இருந்திருக்கணும். சேறுன்னா தண்ணி. அப்போ இன்றைய மலை ஒரு காலத்தில் கடலடி. சேறு கிடைமட்டமாகத்தான் படியும். அடுக்கு சாய்ஞ்சிருந்தா, பின்னாடி ஏதோ நடந்திருக்கு. லேப் கருவி எதுவும் வேண்டாம், வெறும் லாஜிக்.

இதை எழுதின புத்தகம் ஒரு முன்னுரை மட்டும்தான். பெரிய புத்தகம் பின்னாடி வரும்னு சொன்னார், வரவே இல்லை. லுத்தரனாகப் பிறந்தவர் 1667-இல் கத்தோலிக்கராக மாறினார், 1675-இல் குருவானார், 1677-இல் பிஷப். அறிவியலை விட்டுட்டார். ஹனோவரில் அவரைச் சந்திச்ச லைப்னிட்ஸுக்கே (ஆமா, கால்குலஸ் லைப்னிட்ஸ்தான்) அதில் வருத்தம். எனக்கும்தான். ஆனா மதம் அவரைத் தடுத்ததுன்னு சொல்ல முடியாது. பாறையில் படிச்சதும் பைபிளில் படிச்சதும் அவருக்கு மோதவே இல்லை.

பிஷப் மோதிரத்தையே வித்து ஏழைகளுக்குக் கொடுத்தார், விரதம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கிட்டார். 1686-இல் ஜெர்மனியின் ஷ்வேரினில், 48 வயசுல இறந்தார். உடலை ஃபிளாரன்ஸுக்கே கொண்டு போய் சான் லொரென்சோ தேவாலயத்தில் அடக்கம் பண்ணாங்க. 1988-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்.