ஓவியர் நந்தலால் வசு

இறைவன் அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூவகைத் திருமேனிகளையும் உயிர்களின் பொருட்டுத் தன் அருளாற் கொள்வான் என்பது சைவ நூல்களின் துணிபு. அவற்றுள் உருவத் திருமேனியைக் கல்லினும் செம்பினும் அமைப்போர்க்கு ஆகமங்களும் சிற்ப நூல்களும் அளவும் இலக்கணமும் வரையறுத்துள்ளன. தாளின்மேல் வண்ணங்கொண்டு எழுதுவோர் நடைமுறையில் அத்துணைக் கட்டுப்பாட்டுக்கு உட்படுவதில்லை. அதனாலன்றோ, தெய்வத்தை நாடகமேடை வேடதாரி போலக் காட்டும் படங்கள் நாட்காட்டிகளிலும் கடைச்சுவர்களிலும் மலிந்து கிடக்கின்றன! அவ்வழியிற் செல்லாது, சிவபிரானையும் உமையம்மையையும் பன்முறை எழுதி, எழுதுந்தோறும் தம் உள்ளத்தையும் திருத்திக்கொண்ட வங்காளத்து ஓவியர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் சித்தாந்தம் பயின்றவரல்லர். ஆயினும் அவர் வாழ்வில் எழுந்த ஒரு வினா நமக்கும் உரியதாகலின், இவ்வேட்டில் அவர்க்கு இடமுண்டு என்று துணிந்தோம்.

நந்தலால் வசு என்பது அவர் பெயர். போஸ் என்றே பலரும் வழங்குவர். பீகாரில் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில் 1882-ஆம் ஆண்டு திசம்பர் 3-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திரர் தர்பங்கா அரசரின் நிலப்பணியில் அமர்ந்தவர். தாயார் கேத்திரமணி அம்மையார் பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் தம் கையாற் செய்யும் திறம் வாய்ந்தவர். மகனார்க்கு எட்டு வயதளவில் அவ்வம்மையார் இறந்தனர். பள்ளிப் பாடத்தைவிடக் குயவர் தெருவே அச்சிறுவர்க்குப் பெரும் பள்ளியாயிற்று. களிமண் ஒரு பிடி கையிற் சுழன்று முகமாகவும் தோளாகவும் ஆவதை நெடுநேரம் நின்று காண்பார். வீடு திரும்பித் தாமும் பிள்ளையார், துர்க்கை முதலிய வடிவங்களைப் பிசைந்து செய்வார். விழாக்காலத்து அந்நாட்டார் மண்ணால் அம்மை வடிவம் அமைத்துச் சில நாள் வழிபட்டுப் பின்னர் ஆற்றில் விடுவது வழக்கம். வடிவம் வரும், அருள் செய்யும், மீண்டும் மண்ணாகும் என்னும் காட்சி இளமையிலேயே அவர் நெஞ்சிற் பதிந்தது. பிற்காலத்து அவர் தம் படைப்பிற் சிலவற்றைப் பேணிக் காக்கும் எண்ணமின்றியே செய்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று கருதுகின்றோம்.

கல்கத்தாவிற்குப் படிக்கச் சென்றவர் கல்லூரிப் படிப்பில் தேறவில்லை. 1905-இல் அரசினர் கலைப்பள்ளியை அடைந்தார். அங்கு ஹாவெல் துரை தலைவராகவும் அவனீந்திரநாத தாகூர் ஆசிரியராகவும் இருந்த காலம் அது. இவர்தம் திறத்தை அறிய வைத்த சோதனையில் இவர் எழுதியது சித்தி அருளும் கணபதியின் திருவுருவம். எதனைத் தொடங்கினும் மூத்த பிள்ளையாரை முன்னிட்டே தொடங்கும் நம்மனோர்க்கு இச்செய்தி இனிக்கும். 1908-இல் கீழ்நாட்டுக் கலைச் சங்கத்தார் நடத்திய கண்காட்சியில் 500 ரூபாய் பரிசில் பெற்றார். அப்பொருளை வீட்டுச் செலவிற்கு ஒதுக்காமல், நாட்டிலுள்ள பழஞ் சிற்பங்களையும் கோயில்களையும் கண்டு வரும் யாத்திரைக்குச் செலவிட்டார். தென்னாட்டுத் திருக்கோயில்களையும் அக்காலத்தே கண்டார். கூத்தப்பெருமானின் செப்புத் திருமேனி அவர் கண்ணில் நின்றதை அவர் எழுதிய தாண்டவப் படங்கள் காட்டும். அடுத்து 1909-10-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் அஜந்தாவில் ஹெரிங்காம் அம்மையாரோடு இருந்து, அசித்குமார் ஹால்தார், மைசூர் வேங்கடப்பா முதலியோருடன் அக்குகைச் சுவரோவியங்களைப் படியெடுத்தார். படியெடுத்தல் இழிதொழிலன்று. முன்னோரின் கை சென்ற வழியிலே தன் கையைச் செலுத்தி, அவர் உள்ளம் நின்ற நிலையை உணர்தற்கு அஃது ஒரு சாதனம். ஏடெழுதிப் பழகிய நம் மடங்களின் மாணாக்கர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிவேதிதை அம்மையாரின் நட்பும் அக்காலத்ததே. இவர் எழுதிய காளியின் படத்தை அவ்வம்மையார் கண்டு, ஆடை மிகுந்துவிட்டது, அன்னையின் உண்மை இதில் வெளிப்படவில்லை என்னும் கருத்துப்பட உரைத்து, விவேகானந்தர் காளியைப் பற்றிப் பாடியதைப் படிக்குமாறு ஏவினார். புராணத்தை எழுதுவோன் புராணத்தின் உள்ளுறையை முதலில் அறிதல் வேண்டும் என்பதே அவர் கருத்து. அவ்வம்மையார் தொடங்கி ஆனந்த குமாரசுவாமியார் முடித்து 1913-இல் வெளிவந்த புராணக்கதை நூலில் நந்தலாலின் படங்கள் இடம்பெற்றன. சிவபிரான் உலகத்தைக் காக்க நஞ்சுண்ட வரலாறு அவற்றுள் ஒன்று. அதனை அவர் பின்னரும் எழுதினார். சதியின் பிரிவில் வருந்தும் நிலையும் எழுதினார். அவ்வருத்தக் கதை நம் சித்தாந்த நோக்கிற்கு ஏற்புடையதன்று, இன்பதுன்பங்கட்கு அப்பாற்பட்ட முதல்வனுக்கு இழப்பும் துயரும் கூறுதல் யாங்ஙனம் என்று வினவுவார் உளர். வினா நேரிதே. அதன் விடையைப் பின்னர் ஒருங்கு கூறுதும்.

நிற்க. உமையின் தவம் என்னும் படத்தைப் பற்றிய நிகழ்ச்சியொன்றை இங்கு எழுதாது விடுதல் கூடாது. தவக்கோலத்து அம்மையை நந்தலால் மிக எளிய நிறத்தில், அணியொன்றுமின்றி எழுதி ஆசிரியரிடம் காட்டினார். அவனீந்திரர் பார்த்தார். படம் நன்றாயினும் நிறம் குன்றியிருப்பதாக அவர்க்குத் தோன்றியது. நெற்றியிற் சிறிது சந்தனமோ, ஒரு செம்பரத்தம் பூவோ, ஏதேனும் ஒன்று கூட்டி அழகு செய்யலாகாதோ என்று சொல்லி வீடு சென்றார். சென்றவர்க்கு இரவெல்லாம் உறக்கம் இல்லை. இலையுணவையும் துறந்து அபர்ணை என்னும் பெயர் பெற்ற அம்மைக்கு அணி ஏது? நந்தலால் அத்தவத்தையே கண்டு எழுதினார். தாம் அதனைக் கலைக்கச் சொன்னோமே என்னும் எண்ணம் அவரை வருத்திற்று. பொழுது புலர்ந்ததும் புலராததுமாக மாணவரிடம் விரைந்தார். நந்தலால் ஆசிரியர் சொற்படி தூரிகையைக் கையிலெடுத்து நிறமூட்டத் தொடங்கும் தறுவாயில் இருந்தார். தொடாதே என்று தடுத்தார் ஆசிரியர். படம் பிழைத்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் வியப்பது இருவரையுமே. தமக்கு உள்ளத்தில் உண்மையெனப் பட்டதை ஆசிரியர் மாற்றச் சொன்னபோது மறுக்காது தூரிகையை எடுத்தார் மாணவர். தம் சொல் பிழையெனத் தெரிந்ததும் மாணவர் வாயிலுக்கு ஓடினார் ஆசிரியர். குருசீட முறை எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்று நூல்கள் விரித்துரைக்கின்றன. செயலிற் காண்பது அரிதாயிற்று.

1919 முதல் சாந்திநிகேதனக் கலாபவனத்தோடு தொடர்பு கொண்டு, சின்னாட்களில் அதன் தலைவரானார். அவர் தமக்கென்று வகுத்துக்கொண்ட முறைக்கு ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா கூறிய ஒன்று அடிப்படையாயிற்று. 1912-இல் கல்கத்தா வந்த அப்பெரியார் தீக்குச்சி மூன்றை முக்கோணமாக அடுக்கிக் காட்டி, ஒன்று இயற்கை, ஒன்று முன்னோர் மரபு, ஒன்று கலைஞனின் தனித்தன்மை, இம்மூன்றில் ஒன்று நீங்கினும் கலை நில்லாது என்று விளக்கினாராம். இயற்கையை மட்டும் நோக்குவோன் படியெடுப்போனாவான். மரபை மட்டும் பற்றுவோன் பழமையிற் சிறையாவான். தன்னை மட்டும் நம்புவோனின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? தனித்தன்மை என்பது வானினின்று வீழ்வதன்று. ஒருவன் பிறந்த மண்ணும் கண்ட முகங்களும் இழந்த அன்பும் நினைவாய்த் திரண்டு நிற்பதே அது என்பது எம் கருத்து. தாயின் கைப்பொம்மையை மறவாத இவர், வங்காளப் பெண்டிர் நோன்பு நாட்களில் அரிசிமாவால் தரையில் இடும் ஆல்பனா என்னும் கோலத்தைக் கலாபவனத்திற் பயிலும் கலையாக உயர்த்தினார். நம் இல்லத்து மகளிர் வைகறையில் இடும் கோலத்திற்கு அஃது உடன்பிறப்பு. மாலைக்குள் மிதிபட்டு மறையும் கோலத்தைக் கலையென மதித்தவர்க்கு ஆற்றில் கரையும் மண்பிரதிமையின் நினைவு இருந்திராது என்று எவர் சொல்வர்?

சாந்திநிகேதனத்தைச் சூழ்ந்த செம்மண் நிலமும், மழைநீர் அறுத்த பள்ளங்களும், பனைகளும், சந்தாலரின் குடிசைகளும் அவர்தம் கையை நாடோறும் அழைத்தன. சட்டைப்பையில் சிறு அட்டைகள் எப்போதும் இருக்கும். ஆடு, எருமை, நண்டு, புல், மேகம் எதுவாயினும் கண்ட மாத்திரத்தில் மையால் எழுதுவார். அவ்வட்டைகளையே மாணாக்கர்க்கும் நண்பர்க்கும் மடலாக விடுப்பார். 1924-இல் இரவீந்திரரோடு சீனம், ஜப்பான் சென்று வந்தபின் கறுப்பு மையின் ஆற்றல் அவர்க்கு நன்கு கைவந்தது. காந்தியடிகளின் விருப்பப்படி 1938-இல் ஹரிபுரா காங்கிரசுப் பந்தலுக்காக 80-க்கும் மேற்பட்ட படங்களை எழுதினார். உழவன், முழவு கொட்டுவோன், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் முதலிய எளியோரே அவற்றில் நாயகர்.

இக்காலத்தே அவர் மொழிந்த கருத்தொன்று நாம் முன்னர்க் குறித்த வினாவாகும். தொடக்கத்தில் தெய்வ வடிவங்களில் மட்டுமே கடவுளைக் காண முயன்றதாகவும், பின்னர் மாந்தர், மரம், மலை, நீர், வான் ஆகிய எல்லாவற்றிலும் அதனைக் காண முயல்வதாகவும் அவர் சொன்னார். இதனைக் கேட்பார், புராண வடிவம் குழந்தைப் பருவத்திற்கு உரியது, முதிர்ந்தோர்க்கு இயற்கையே போதும் என்று முடிவு செய்வர். இக்காலத்துக் கற்றாரிற் பலர் அவ்வாறே சொல்லித் திரிகின்றனர். யாம் அதனை உடன்படோம். நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டனையும் தன் வடிவாகக் கொண்ட அட்டமூர்த்தி என்று இறைவனை நம் மரபு வழிபட்டு வருகின்றது. அவன் உலகோடு ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்கு உயிராய் உடனாயும் நிற்பன். ஆகவே பனையிற் காண்பதும் பிறைசூடிய வடிவிற் காண்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பனையே கடவுள் என்று நின்றுவிடின் அது வழுவாம். நந்தலால் அங்ஙனம் நின்றாரல்லர் என்பதற்கு 1943-ஆம் ஆண்டு சான்று.

அவ்வாண்டு வங்காளத்தைக் கொடும்பஞ்சம் பற்றியது. இறந்தோர் ஏறக்குறைய 30 இலட்சம் என மதிப்பிடுவர். போர்க்கால விலையேற்றமும் ஆட்சியாளரின் அசட்டையும் ஊரூராக உழவரைக் கல்கத்தாத் தெருக்களுக்குத் துரத்தின. ஒரு குவளைக் கஞ்சிக்காக மக்கள் வாயில்தோறும் கதறினர். அப்போது நந்தலால் எழுதியது யாது? தாம் நெடுநாள் பழகிய சந்தாலரையோ வற்றிய வயலையோ மட்டும் எழுதி அமைந்தாரல்லர். தெய்வ வடிவத்திற்கே மீண்டார். அன்னபூரணி வீற்றிருக்கின்றாள். அவள்முன் இரக்கின்றார் சிவபிரான். அவர் மேனியோ என்பு மட்டுமாய் நிற்கின்றது.

வங்காளத்தார்க்கு இக்கதை புதிதன்று. வறிய இல்லறத்தானாய், உழவனாய், இரந்துண்போனாய்ச் சிவபிரானைப் பாடுவது அந்நாட்டு வழக்கு. 18-ஆம் நூற்றாண்டில் பாரதசந்திரர் அன்னபூரணியைப் போற்றி அன்னதாமங்கலம் என்னும் காவியம் செய்தார். காளிகாட்டுப் படக்காரரும் இக்காட்சியை எழுதி விற்றனர். ஆயின் அவர்கள் காட்டிய சிவபிரான் பருத்த வயிறும் மலர்ந்த முகமும் உடையவர். என்புருவாக்கியது நந்தலாலின் துணிவு.

சைவ அன்பர் சிலர் இப்படத்தைக் கண்டு முகஞ்சுளித்தல் கூடும். பசியும் பிணியும் இல்லா முதல்வனைப் பசியால் வற்றியவனாகக் காட்டுதல் அபசாரமன்றோ என்பர். கோயிலில் வைத்து வழிபடுதற்குரிய வடிவாக இதனை எவரும் கொள்ளார், யாமும் கொள்ளோம். ஆகமம் விதித்த பிட்சாடனத் திருமேனியில் எழில் குறைவதில்லை. இரக்கப் புகுந்ததும் தன் தேவைக்கன்று, உயிர்களின் செருக்கை ஏற்றுக்கொள்ளற்கே என்று ஆன்றோர் பொருள் கூறுவர். ஆயினும் மழையிரவில் இளையான்குடி மாறனார் வாயிலுக்குப் பசித்த அடியவராய் வந்து நின்றவர் யாவர்? உண்பதற்கு ஒன்றுமில்லா இல்லத்தில், விதைத்த நெல்லை வயலினின்று வாரிவந்து அட்ட சோற்றை எதிர்நோக்கியிருந்தவர் யாவர்? பசியில்லாதவன் பசித்தவன் கோலத்தில் வருவான் என்பதை நம் அடியார் வரலாறே கூறிற்று. மாகேசுவர பூசை நாள்தோறும் நிகழும் மடங்களில் இலைமுன் அமர்ந்தாரை நாம் யாராக எண்ணி வழிபடுகின்றோம்? சதியின் பிரிவில் வருந்தும் கோலத்திற்கும் இதுவே விடை. துயர் அவனுடையதன்று. துயருற்ற உயிரோடு உடனாய் நிற்கும் நிலையை ஓவியன் தன் கண்ணுக்கு எட்டியவாறு எழுதினான்.

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு நூலின் ஏடுகளை அவரும் அவர்தம் மாணாக்கரும் அணிசெய்தனர். அதன் 12-ஆம் பகுதியின் தலைப்பில் சோழர் செப்புத் திருமேனி முறையில் நடராசப்பெருமான் விளங்குகின்றார். அடுத்த பகுதிக்கு மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம் அழகு செய்கின்றது. 1951-இல் பணியினின்று ஓய்வு பெற்றார். 1954-இல் அரசினர் பத்ம விபூஷண் விருது அளித்தனர். ஓய்வுக்குப் பின்னும் அட்டைகளில் எழுதுவதை விட்டாரல்லர். 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் உடல் நீத்தார். அவர் குடும்பத்தாரிடமிருந்த படைப்புகள் ஆயிரக்கணக்கில் தில்லி நவீனக் கலைக்கூடத்தை அடைந்துள்ளன. வடநாட்டு யாத்திரை மேற்கொள்ளும் அன்பர்கள் காசிக்கும் கேதாரத்திற்கும் இடையே ஒரு பகலை அங்கே செலவிடலாம்.