ஆர்தர் காட்டன்

சர் ஆர்தர் தாமசு காட்டன் (மே 15, 1803 – சூலை 24, 1899) சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பிரித்தானியப் பொறியாளர் ஆவார். கொள்ளிடம், கோதாவரி ஆகிய ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளால் பெரிதும் அறியப்படும் இவரே, இந்தியாவின் முதல் இருப்புப்பாதை எனக் கருதப்படும் செங்குன்றம் இருப்புப்பாதையை அமைத்தவர். அணைகளின் புகழில் இச்செய்தி பெரும்பாலும் மறைந்துபோனது.

குடும்பம்

காட்டன் குடும்பம் இங்கிலாந்தின் செசயர் பகுதியில் பல தலைமுறைகளாக நிலவுடைமை பெற்றிருந்த குடும்பம். அதன் இளைய கிளையைச் சேர்ந்த என்றி கால்வெலி காட்டனின் பதினொரு மகன்களில் ஆர்தர் பத்தாமவர். நிலமும் பட்டமும் மூத்த மகனுக்கே சேரும் ஆங்கிலேய வழக்கத்தில், இத்தகைய வீட்டுப் பிள்ளைகள் படையிலோ திருச்சபையிலோ கம்பெனிப் பணியிலோ தம் வாழ்வைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. இவருடைய அண்ணன்களில் ஒருவரான சிட்னி காட்டன் இந்தியாவில் படைத்தளபதியானார். தம்பி பிரடெரிக், ஆர்தரைப் போலவே சென்னை மாகாணத்தில் பொறியாளரானார். 1826-இல் பரத்பூர் கோட்டையைக் கைப்பற்றிய காம்பர்மியர் பிரபு இவர்களுடைய பெரியப்பா மகன்.

கல்வியும் தொடக்கப் பணியும்

ஆர்தர் தம் 15-ஆம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அலுவலர்களுக்காக நடத்திவந்த அடிசுகோம்பு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1819-இல் சென்னைப் பொறியாளர் படையில் இடம் பெற்றார். சிறிது காலம் வேல்சு நாட்டில் நில அளவைப் பணி செய்தபின், 1821-இல் சென்னை வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஏரிகள் துறையின் தென்பகுதிப் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். பாம்பன் கால்வாயை ஆராயும் வேலையும் அக்காலத்தில் இவருக்குக் கிடைத்தது. 1824–1826 பர்மியப் போரில் பங்கேற்றுத் திரும்பியபின் இவர் கவனம் காவிரியின் மேல் சென்றது. காவிரி நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தில் பாய்ந்து கடலுக்குச் சென்றதால் தஞ்சை வயல்கள் வறண்டுவந்தன. ஆற்று மணலின் மேலேயே நிலைத்து நின்ற கல்லணையின் கட்டுமானத்தைக் கூர்ந்து கவனித்த காட்டன், முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் 1836-இல் கட்டி முடித்தார். பழந்தமிழர் நுட்பத்திலிருந்து தாம் கற்றதை மறைக்காத பொறியாளர் இவர் என்பது குறிப்பிடத்தக்கது.

செங்குன்றம் இருப்புப்பாதை

சென்னை நகரின் சாலைகளுக்குச் செம்புரைக்கல் தேவைப்பட்டது. செங்குன்றத்தில் வெட்டிய கல்லை மாட்டுவண்டிகளில் கொண்டுவருவது செலவும் தாமதமும் மிக்கதாக இருந்தது. எனவே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை தண்டவாளம் இடப்பட்டு, 1837-இல் பாதை இயங்கத் தொடங்கியது. வில்லியம் அவரியின் சுழல்வகை நீராவி எந்திரம் இதில் பயன்படுத்தப்பட்டது. எனினும் பெட்டிகளைப் பெரும்பாலும் விலங்குகளே இழுத்தன. பயணிகளுக்காக அமைந்த பாதை அன்று இது. நீண்ட காலம் நீடிக்கவும் இல்லை.

ஆயினும் இதன் காலத்தை நோக்க வேண்டும். பம்பாய்–தாணே பயணிகள் தொடர்வண்டி ஓடியது 1853-இல். இராயபுரத்திலிருந்து முதல் வண்டி புறப்பட்டது 1856-இல். தமிழகத்தின் தென்கோடியில், வட்டக்கோட்டைக்கு அருகிலுள்ள கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்ததோ 1979-இல்தான். சிந்தாதிரிப்பேட்டைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 142 ஆண்டுகள்!

பிற்காலம்

உடல்நலம் குன்றிய காட்டன் ஓய்வுக்காக ஆத்திரேலியப் பகுதிக்குச் சென்றார். 1841-இல் எலிசபெத் லியர்மந்தை மணந்து, பின்னர் இந்தியா திரும்பினார். கோதாவரியில் தவளேசுவரம் அணைக்குக் கல் கொண்டுவர 1845-இல் மீண்டும் ஒரு சிறு இருப்புப்பாதையை அமைத்தார். அணை 1852-இல் நிறைவுற்றது. 1861-இல் சர் பட்டம் பெற்றார்.

இதே காட்டன்தான் பின்னாளில் இந்திய இருப்புப்பாதைத் திட்டங்களைக் கடுமையாக எதிர்த்தார். இவருக்குத் தண்டவாளம் கல் சுமக்கும் கருவி மட்டுமே. நாடு முழுவதும் பெரும்பணம் செலவிட்டுப் பாதை போடுவதைவிடக் கால்வாய்கள் வெட்டினால், பாசனமும் மலிவான படகுப் போக்குவரத்தும் ஒருங்கே கிடைக்கும் என்பது இவர் வாதம். 1876–1878 பெரும் பஞ்சம் தென்னிந்தியாவில் பல இலட்சம் உயிர்களைப் பறித்த காலத்தில் இவ்வாதம் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன்னும் எழுந்தது. அதிகாரிகள் பலர் இதை ஏற்கவில்லை. படகுக் கால்வாய்களின் செலவைக் காட்டன் குறைத்து மதிப்பிட்டார் என்ற குறையும் கூறப்பட்டது. இறுதிவரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளாத இவர், 1899-இல் இங்கிலாந்தின் டார்க்கிங் நகரில் தம் 96-ஆம் வயதில் காலமானார்.