கீச்சிரோ டொயோடா

பரங்கிமலையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், போரூரைக் கடந்தவுடன் வருவது ஐயப்பன்தாங்கல். தாங்கல் என்பது ஏரியினும் சிறிய நீர்நிலைக்கு நம் முன்னோர் இட்ட பெயராகும். இன்று அவ்வூரில் நீரினும் வண்டிகளே மிகுதி. முகூர்த்த நாள்களில் கோழி கூவுமுன்னரே வாடகைக் கார்கள் தெருவில் வரிசையாக நிற்கும். அவற்றுள் பெரும்பான்மையானவை இன்னோவா என்னும் வண்டிகளே. உறவினர் திருமணத்தின்பொருட்டு வேலூர் சென்ற யாம் அத்தகைய வண்டியொன்றில் ஏறினோம். அதனை ஓட்டிய பெரியவர் முதலில் குவாலிஸ், பின்னர் இன்னோவா என இருபதாண்டுகளுக்கு மேலாக ஒரே நிறுவனத்தாரின் வண்டிகளையே வைத்துப் பிழைப்பவர். இயந்திரம் களைப்பறியாது என்பது அவர் கூறிய புகழ். உதிரி உறுப்புகளின் விலை கேட்டால் நெஞ்சு களைத்துவிடும் என்பது அவர் கூறிய குறை. டொயோட்டா என்னும் சொல்லின் பொருள் யாதென வினவினோம். ஜப்பானில் அஃது ஓர் ஊரின் பெயராயிருக்கலாம் என்று அவர் விடையிறுத்தார். அவ்விடை எத்துணை உண்மை, எத்துணைத் தலைகீழ் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தபோது, அப்பெயருக்குப் பின்னே மறைந்து நின்ற ஒரு மனிதரின் வரலாற்றை நம் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைக்க விழைந்தோம்.

கீச்சிரோ டொயோடா 1894-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், ஜப்பான் நாட்டு ஷிஸுவோக்கா மாநிலத்தில் யமகுச்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சாக்கிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். ஊரிலுள்ள பெண்டிர் கைத்தறியில் படும் பாட்டைக் கண்டு, தறியைத் திருத்துவதே தம் பிறவிப்பயன் எனக் கொண்டவர். அத்தகையோர் உலகிற்கு நல்லவராயினும் இல்லாளுக்கு எளியவரல்லர். கணவர் இரவும் பகலும் தறியோடு வாழக் கண்டு மனம் நொந்த தாயார், குழந்தை பிறந்த சின்னாளிலேயே தம் பிறந்தகம் சென்றுவிட்டார். எனவே கீச்சிரோ பாட்டன் பாட்டியரின் அரவணைப்பில் வளர்ந்தார். மெலிந்த உடலும் மிகக் குறைந்த பேச்சும் உடைய பிள்ளை அவர். பிற்காலத்தில் பல்லாயிரவர்க்குத் தலைவரானபோதும் அவர்தம் வாய் அடக்கம் மாறவில்லை.

தோக்கியோப் பேரரசுப் பல்கலைக் கழகத்தில் இயந்திரவியல் பயின்று 1920-இல் தேர்ந்த அவர், தந்தையாரின் நூற்பாலையில் பணி ஏற்றார். 1921-இல் கடல்கடந்து அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் கண்டார். ஓல்டம் நகரில் பிளாட் சகோதரர் தொழிற்சாலை அக்காலத்தில் நெசவு, நூற்புப் பொறிகளுக்கு உலகிற்கே தலைமை தாங்கியது. நம் நாட்டு ஆலைகள் பலவற்றிற்கும் பொறிகள் அங்கிருந்தே வந்தன. அத்தொழிற்சாலையுள் மாணாக்கர்போல் நின்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு மீண்டார் கீச்சிரோ. தந்தையும் மகனும் உழைத்து 1924-இல் ஒரு தானியங்கித் தறியை நிறைவு செய்தனர். நூல் அறுந்தால் தானே நின்றுவிடுவது. ஊடைநூல் தீருங்கால் ஓட்டம் நில்லாமலே தானே நாடாவை மாற்றிக்கொள்வது. அதனால் ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாகும் வகையில் அமைந்தது. அதனைச் செய்து விற்கக் கரியா நகரில் 1926-இல் டொயோடா தானியங்கித் தறித் தொழிற்சாலை தோன்றியது. 1929-இன் இறுதியில், முன்னர் இவர் மாணாக்கராய் நின்ற அதே பிளாட் சகோதரர், அத்தறியின் உரிமையை 1 லட்சம் பவுன் தந்து பெற இசைந்தனர். அப்பணமே மோட்டார்த் தொழிலுக்கு முதலாயிற்று என்று பலரும் கூறுவர். கதைக்கு அஃது அழகே. ஆயினும் பின்னர் அத்தொழில் விழுங்கிய பொருளை நோக்கின் அது யானைப் பசிக்குச் சோளப்பொரியே.

மோட்டார் ஏன்? 1923 செப்டம்பரில் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. டிராம் பாதைகள் சிதைந்தமையால் நகராட்சியார் அமெரிக்காவினின்று ஃபோர்டு வண்டிகளின் அடிச்சட்டங்களைத் தருவித்து, மேற்கூடு கட்டிப் பேருந்துகளாக ஓட்டினர். ஜப்பானியர் மோட்டாரின் அருமையை அன்று உணர்ந்தனர். அமெரிக்கர் ஜப்பானின் அருமையை உணர்ந்தனர். 1925-இல் ஃபோர்டும், 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸும் அந்நாட்டிலேயே உறுப்புகளைக் கொணர்ந்து பூட்டும் சாலைகளை நிறுவின. அவர்களை எதிர்த்து உள்நாட்டார் கார் செய்வதென்பது மிட்சுயி முதலிய பெருவணிகரும் அஞ்சிய செயலாகும். தறி செய்வோர் அதில் தலையிடுவதை யார்தாம் மதிப்பர்? 1930 அக்டோபரில் தந்தையார் மறைந்தார். தங்கையின் கணவரும் குடும்பத் தொழில்களின் தலைவருமான ரிசபுரோ, இத்துணைப் பெரும்பொருளை நெருப்பிலிடுவதா எனத் தயங்கியது இயல்பே. அவரைக் குறைகூறுவோர் அவர் நிலையில் தம்மை வைத்துப் பார்த்தல் நன்று. ஆயினும் 1933 செப்டம்பரில் தறித் தொழிற்சாலையின் ஒரு மூலையில் மோட்டார்ப் பகுதி தொடங்கப்பெற்றது.

ஓர் அமெரிக்கச் செவ்ரோலே வண்டியை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் வரைந்து பார்த்தனர். பார்த்ததைச் செய்வது எளிதன்று. தறிக்கு இரும்பு வார்ப்பதில் அவர்கள் வல்லவர். மோட்டாரின் உருளைக் கட்டையோ உட்புறம் பல குடைவுகளை உடையது. மணல் அச்சு உடைந்தும், இரும்பில் துளை விழுந்தும், வார்த்தவை யெல்லாம் மீண்டும் உலைக்கே சென்றன. இவ்வாறு பலமுறை தோற்ற பின்னரே 1935 மேத் திங்களில் முதல் மாதிரிக் கார் உருவாயிற்று. கீச்சிரோவின் உள்ளமோ மக்கள் ஏறும் காரில். அரசினர் வேண்டியதோ சரக்கு ஏற்றும் லாரி. ஆகவே அவ்வாண்டு நவம்பரில் தோக்கியோவில் பலர் முன்னிலையில் வெளிவந்தது ஜி-1 என்னும் லாரியே.

இங்கே யாம் சற்று நின்று பேச வேண்டும். டொயோட்டா வண்டி பழுதாகாது என்பது இன்று நம் தெருவோர்க்கும் தெரிந்த பழமொழிபோல் ஆகிவிட்டது. அதன் முதற் பிள்ளையோ நடக்கத் தெரியாத பிள்ளை. கரியாவிலிருந்து தோக்கியோவில் நிகழ்ந்த காட்சிக்கு வரும் வழியிலேயே அது பழுதுற்றது. வாங்கியோரின் பாடு அதனினும் பெரிது: பின்னச்சின் உறை வெடித்தது, பல்சக்கரம் தேய்ந்தது, சரக்கோடு நடுவழியில் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸை விட்டு இவருடன் வந்து சேர்ந்த கமியா ஷோதாரோ என்னும் விற்பனை வல்லார், குறை பொறுக்கும் உள்ளமுடைய உள்நாட்டாரைத் தேர்ந்தே முதல் வண்டிகளை விற்கலானார். நின்ற வண்டி எங்கே நின்றாலும் நிறுவனத்தார் விரைந்து சென்று காசு பெறாமல் பழுது பார்த்தனர். கீச்சிரோவும் எண்ணெய்க் கறை படிந்த உடையோடு வண்டியின் கீழே புகுந்து, உடைந்த உறுப்பைத் தம் கையால் தொட்டுப் பார்ப்பார். அவ்வுறுப்பின் அமைப்பை மாற்றுவார். வாங்கியவரின் வசையே இவருக்கு ஆராய்ச்சிச் சாலையாயிற்று எனலாம். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கழித்து, வேகமிதி முதலியவற்றின் குறையால் பல லட்சம் வண்டிகளை அந்நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது. அப்போது, 2010 பிப்ரவரியில், அமெரிக்கப் பேரவைக் குழுவின் முன்னே தலைவணங்கி மன்னிப்புக் கோரியவர் இவருடைய பேரர் அக்கியோ டொயோடா ஆவார்.

பெயர் பற்றியும் ஒரு சொல். 1936-இல் நிறுவனத்தின் சின்னத்திற்கென ஒரு போட்டி வைத்தனர். அதன் விளைவாக டொயோடா என்னும் குடும்பப் பெயர் டொயோட்டா ஆயிற்று. ஜப்பானிய எழுத்தில் இஃது எட்டுக் கோடுகளால் அமைவது. எட்டு அவர்க்கு மங்கல எண். நம் தமிழிலோ ஒற்றொன்று மிகுந்ததே வேறுபாடு! குடும்பத்தின் பெயரைச் சற்றே விலக்கி, நிறுவனத்தைத் தனித்து நிறுத்தியமை எமக்குப் பிடித்த செயலாகும்.

1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே பதிவாயிற்று. ரிசபுரோ தலைவர், கீச்சிரோ துணைத்தலைவர். பட்டுத்தொழில் நலிந்து வாடிய கொரோமோ என்னும் ஊரில் 1938 நவம்பரில் திங்களுக்கு 2,000 வண்டிகள் செய்யத்தக்க பெருஞ்சாலை எழுந்தது. அங்கே இவர் வகுத்த முறை வியப்பிற்குரியது. வேண்டிய உறுப்பு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவே வந்து சேரல் வேண்டும். முன்னரே குவித்து வைத்தல் ஆகாது. பண்டசாலையில் உறங்கும் இரும்பு உறங்கும் பணமன்றோ? பிற்காலத்தில் ஓனோ தாயிச்சி என்பார் விரிவாக்க, உலகத்துத் தொழிற்சாலைகளெல்லாம் பின்பற்றும் நெறியாக அது விளங்கியது. செல்வத்தில் தோன்றாது வறுமையில் தோன்றிய நெறி அது என்பதை அதனைப் போற்றுவோர் மறந்துவிடுகின்றனர்.

போர்க்காலத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல யாம் விரும்பவில்லை. அச்சாலை படைக்கு லாரி செய்தது. அண்டை நாடுகளை வருத்திய படை அது. 1941-இல் தலைவரான கீச்சிரோ தாம் விரும்பிய காரைச் செய்ய இயலாமல் காலங்கழித்தார். 1945 ஆகஸ்டில் போர் முடிவதற்கு முந்திய நாளில் குண்டு வீழ்ந்து சாலையில் ஒரு பகுதி அழிந்தது. தொழிலாளர்க்கு எவ்வாறு சோறு போடுவது என்பதே அதன்பின் அவருக்கு வந்த கவலை. பீங்கான் செய்யலாமா, மீன் வளர்க்கலாமா, வீடு கட்டலாமா என்றெல்லாம் ஆராய்ந்தார். மகனை வடகோடிக்கு அனுப்பி மீன்பண்டம் செய்யவும் பணித்தார். இவற்றைக் கேட்டு நகைப்பவர் உளர். எமக்கு நகை வரவில்லை.

இனி வருவதே இவ்வரலாற்றின் உயிர்ப்பகுதி. 1949-இல் பணவீக்கத்தை அடக்க அமெரிக்கர் விதித்த கடுந்திட்டத்தால் ஜப்பானில் வாணிபம் முடங்கியது. தவணைக்கு விற்ற லாரிகளின் பணம் வரவில்லை. கூலி கொடுக்கவும் வழியில்லாத நிலையில், அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் தொழிற்சங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்தது. தொழிலாளர் நூற்றுக்குப் பத்து வீதம் கூலிக் குறைப்பை ஏற்பது. நிறுவனம் ஒருவரையும் வேலையினின்று நீக்காதிருப்பது. ஆள்குறைப்பு முதலாளி செய்யத்தகாத செயலென்பது கீச்சிரோவின் உறுதியான கொள்கை. ஆனால் கடன் கொடுக்க முன்வந்த வங்கிகளின் கொள்கை வேறு. விற்பனையைத் தனி நிறுவனமாகப் பிரிக்க வேண்டும், மிகுதியான ஆள்களை நீக்க வேண்டும் என அவை வற்புறுத்தின. 1950 ஏப்ரலில் சங்கத்தார் போராட்டத்தில் இறங்கினர். அத்திங்களிலேயே 1,600 பேர் தாமே விலக வேண்டுமென நிறுவனம் அறிவித்தது. கொடுத்த சொல் முறிந்தது. தொழிலாளர் சினந்தனர், சினந்தது பிழையன்று.

அப்போது உடல்நலம் குன்றியிருந்த கீச்சிரோ, சொல் தவறியதற்குத் தாமே பொறுப்பென ஏற்று, ஜூன் 5-இல் தலைமைப் பதவியைத் துறந்தார். பிற தலைவர் சிலரும் உடன் விலகினர். ஜூன் 10-இல் போராட்டம் முடிந்தது. விலகிச் சென்ற தொழிலாளர் 2,000-க்கும் மேற்பட்டோர். அவர் பதவியிலிருந்து இறங்கியதால் அவர்கள் வீட்டு அடுப்பில் உலை ஏறிவிடவில்லை. அதனை மறைத்துப் புகழ்பாடுதல் எமக்கு உடன்பாடன்று. ஆயினும் ஆள்களை நீக்கிவிட்டுத் தம் இருக்கையைப் பற்றிக்கொள்ளும் தலைவர் மலிந்த உலகில், இருக்கையையும் உடன் இழந்தவர் இவர்.

அடுத்து நிகழ்ந்ததை விதியின் கொடுமை என்பதா, வேறு என் சொல்வது? அவர் விலகி இருபது நாள்களுக்குள், ஜூன் 25-இல், கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்கப் படை 1,000 லாரிகள் கேட்டு ஆணை தந்தது. பின்னும் பின்னும் கேட்டது. கடனில் மூழ்கிய நிறுவனம் தலைதூக்கிற்று. அயல்நாட்டார் குருதியில் விளைந்த வாழ்வு அது. இன்னும் மூன்று திங்கள் பொறுத்திருந்தால் யாரையும் நீக்க நேர்ந்திராதே என்று எண்ணும்போது உள்ளம் துணுக்குறுகின்றது.

புதிய தலைவர் இஷிதா தாய்சோ, நிறுவனம் நிமிர்ந்ததும் பழைய தலைவரையே மீண்டும் அழைத்தார். கீச்சிரோவும் இசைந்தார். கார் செய்யும் பழைய ஆசை அவருள் அவியவில்லை. ஆயின் மீண்டும் இருக்கையேறுமுன், 1952 மார்ச் 27-இல், மூளையில் குருதி கசிந்து உயிர்நீத்தார். அகவை 57. அவர் கனவு கண்டவாறு அயலார் உதவியின்றி அமைந்த கிரௌன் என்னும் கார் 1955 ஜனவரியில்தான் வெளிவந்தது. அக்காரையும் 1957-இல் அமெரிக்காவிற்கு அனுப்பிப் பார்த்தனர். அந்நாட்டு நெடுஞ்சாலை வேகம் தாங்காமல் அது தள்ளாடிற்று. மீண்டும் வசை, மீண்டும் திருத்தம்.

நம் நாட்டிற்கு அக்குடும்பத்தின் தொழில் முதலில் வந்தது காராக அன்று. 1995-இல் பெங்களூரை அடுத்து நூற்புப் பொறி செய்யக் கிர்லோஸ்கருடன் ஒரு கூட்டு நிறுவனம் அமைந்தது. கார் நிறுவனம் 1997-இல் தோன்றி, பிடதியில் செய்த குவாலிஸை 2000-இல் விற்பனைக்கு விட்டது. 2005-இல் அதன் இடத்தை இன்னோவா பெற்றது. குவாலிஸ் வந்தபோது பழைய அமைப்புடையது, பெட்டிபோன்றது என்று பலர் பழித்தனர். வாடகைக்கு ஓட்டுவோர் அழகைப் பார்க்கவில்லை. மறுநாளும் புறப்படுமா என்பதையே பார்த்தனர்.

வேலூரிலிருந்து எம்மை அழைத்துவர அப்பெரியவரே வந்திருந்தார். திருமண வீட்டு ஓய்வில் படித்தறிந்தவற்றை வழியில் அவருக்குச் சொன்னோம். கொரோமோ என்னும் ஊர் 1959-இல் தன் பழம்பெயரை விட்டு அந்நிறுவனத்தின் பெயரையே பூண்டு டொயோட்டா நகரம் ஆயிற்று என்றதும், தாம் ஊர்ப்பெயர் என்று கூறியது பிழையன்று என அவர் மகிழ்ந்தார். பதவி துறந்த கதையைக் கேட்டபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை. பூவிருந்தவல்லி அணுகியபின், அந்த மனிதருடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று வினவினார். மூத்தவர் ஷோயிச்சிரோ 1982-இலும் இளையவர் தத்சுரோ 1992-இலும் அந்நிறுவனத்தின் தலைவராயினர் என்று யாம் சொல்லி முடிக்கவும், வண்டி ஐயப்பன்தாங்கலை அடையவும் சரியாயிருந்தது.