கிட்டார் கம்பியை இறக்கினால் ஏன் இரைகிறது? தம்புராவில் பதில் கண்ட சி.வி.ராமனின் கதை

புது எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: விரல் வலிக்குது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் கிட்டார் கிளாஸ் போகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மாஸ்டர் கையில் வாங்கிப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிடும். ஆக்‌ஷன் ஹை. அதாவது, ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி அதிகம்.

கம்பியைக் கொஞ்சம் இறக்கினால் வலி குறையும். அளவுக்கு மீறி இறக்கினால் ‘ஸ்ஸ்ர்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பும். கிட்டார் உலகத்தில் இதற்குப் பெயர் ஃப்ரெட் பஸ். ஆடுகிற கம்பி ஃப்ரெட்டில் இடிப்பதால் வருகிற சத்தம் அது.

ஆனால் கம்பி உரசுவதால் வரும் ஒலியையே வேண்டி விரும்பி வரவழைக்கிற வாத்தியம் ஒன்று நம்ம கச்சேரி மேடையில் இருக்கு. அதுதான் தம்புரா. கிட்டாரில் கோளாறாக இருப்பது தம்புராவில் எப்படி அழகாகிறது? 100 வருடங்களுக்கு முன்பே இந்தப் பக்கம் ஆராய்ந்தவர் நாம் எல்லோரும் பாடப் புத்தகத்தில் படித்த சர் சி.வி.ராமன். ஒளிக்காக நோபல் வாங்குவதற்கு முன்னால், பத்து வருடங்களுக்கும் மேலாக அவர் மல்லுக்கட்டியது கம்பிகளோடும் ஒலியோடும்தான்.

வயலின் ஒலித்த வீடு

1888 நவம்பர் 7 அன்று திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், வயலினும் வாசிப்பார். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததால் ராமனின் பள்ளிப் பருவம் அங்கே கழிந்தது. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. மெரினா கடற்கரைக்கு எதிரே இன்றும் நிற்கிறதே, அதே கட்டடம். 1904இல் பி.ஏ., 1907இல் எம்.ஏ. முடித்தார். நடுவில் 1906இல், 18 வயதில், ஒளி பற்றிய அவருடைய முதல் கட்டுரை லண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் வெளியானது.

அந்த வயதில் அவரை ஈர்த்த புத்தகங்களில் ஒன்று, ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசையொலி பற்றி எழுதியது. வீட்டில் கேட்ட வயலினும் கல்லூரியில் படித்த இயற்பியலும் அந்தப் புத்தகத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. 1907இல் அவர் மணந்த லோகசுந்தரி வீணை வாசிப்பவர்.

பகலில் கணக்கு, மற்ற நேரம் கம்பி

இங்கிலாந்து போய் மேலே படிக்க ஆசை இருந்தது. ஆனால் அந்த ஊர்க் குளிர் இந்த உடம்புக்கு ஒத்துக்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இந்தியாவில் ஆராய்ச்சி செய்து சம்பாதிக்க அன்று வழி ரொம்பக் குறைவு. அதனால் அரசு நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பிடித்து, 1907இல் கல்கத்தாவில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

இன்றைய பாஷையில் சொன்னால், செட்டில் ஆகிவிட்டார். நல்ல பதவி, நல்ல சம்பளம். ஆனால் ஒருநாள் டிராமில் போகும்போது, பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய அந்த இடத்தில் அப்போது ஆராய்ச்சி அதிகம் நடக்கவில்லை. ராமன் போய்க் கேட்டார், கதவு திறந்தது. அதன்பிறகு ஆபீஸுக்கு முன்னால் காலையில் கொஞ்ச நேரம், ஆபீஸ் முடிந்து ராத்திரி வரைக்கும் என்று ஆய்வகமே கதியாகக் கிடந்தார்.

ஒலியை அவர் கையில் எடுத்ததற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. கம்பி, குதிரை, மரப்பெட்டி, அதிர்வைப் படம் பிடிக்க ஒரு கேமரா இருந்தால் போதும், வேலை நடக்கும். விலை உயர்ந்த கருவிகள் வேண்டாம். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. 1911இல் கல்கத்தா திரும்பியதும் விட்ட இடத்தில் தொடர்ந்தார்.

1917இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைவிட அது ரொம்பக் குறைவு. ஆனாலும் நிதித்துறையை விட்டுவிட்டு வந்தார். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவருக்காகத் தளர்த்தினார்கள்.

அடுத்த வருடமே, வில் போடும்போது வயலின் கம்பி எப்படி ஆடுகிறது என்பதை விளக்கும் பெரிய ஆய்வை வெளியிட்டார். மனிதக் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வாசிக்காது என்பதால், வயலினைத் தானாக வாசிக்கும் இயந்திரம் ஒன்றையும் உருவாக்கினார்.

தம்புராவில் என்ன கண்டார்?

1921இல் தம்புராவையும் வீணையையும் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரைதான் நம் கதைக்கு முக்கியம். அதைப் புரிந்துகொள்ள உங்கள் கிட்டாரே போதும்.

ஒரு கம்பியை 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே, சரியாக நடுவில் மீட்டுங்கள். உடனே அதே புள்ளியில் விரலால் லேசாகத் தொடுங்கள். ஒலி கிட்டத்தட்ட செத்துப்போகும். காரணம் இதுதான்: எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேல் ஒலிகள் பிறக்கவே பிறக்காது. பிறந்த மற்ற ஒலிகளையெல்லாம் அங்கே வைத்த விரல் அடக்கிவிடும். யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருவர் பெயரில் வழங்கும் விதி இது.

இதே சோதனையைத் தம்புராவிலும் வீணையிலும் செய்தால் விதி சொல்வது நடப்பதில்லை. விரல் வைத்த பிறகும், பிறந்திருக்கவே கூடாத மேல் ஒலிகள் கணீரென்று கேட்கின்றன.

ரகசியம் குதிரையில் இருப்பதை ராமன் காட்டினார். கிட்டாரிலும் வயலினிலும் கம்பி ஒரு கூர்மையான விளிம்பில் உட்கார்ந்து, அங்கேயே சட்டென்று முடிந்துவிடும். தம்புராக் குதிரை அகலமானது. வீணைக் குதிரையின் உலோகத் தகடோ மெல்ல வளைந்தது. கம்பி அந்தப் பரப்பைத் தொட்டுத் தழுவியபடியே வெளியேறும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தொடும் இடம் கொஞ்சம் முன்னே வரும், கொஞ்சம் பின்னே போகும். இந்த மெல்லிய உரசலில் அதிர்வின் சக்தி மேல் ஒலிகளுக்குப் பாய்ந்துகொண்டே இருக்கிறது.

தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி ‘ஜீவா’ பிடிப்பார்களே, அதுவும் ஒருவகை ஆக்‌ஷன் அட்ஜஸ்ட்மென்ட்தான். நூல் கனமே உள்ள இடைவெளி. ஆனால் அது சரியாக அமையாவிட்டால் தம்புரா பாடாது.

ஐரோப்பிய வாத்தியங்களை வைத்து உருவான ஒலியியல் விதிக்கு, நம் ஊர் ஆசாரிகள் கையால் இழைத்த குதிரை ஒரு விதிவிலக்காக நின்றது. அந்த ஆசாரிகளுக்குச் சமன்பாடு தெரியாது. ஆனால் எந்த வளைவில் கம்பி பாடும் என்பது தெரிந்திருந்தது. அந்தக் கைவேலையை அறிவியல் மொழியில் பதிவு செய்ததுதான் ராமன் செய்த பெரிய வேலை.

பிறகுதான் நோபல்

அதே 1921இல் முதல்முறையாக இங்கிலாந்து போனார். கப்பலில் பார்த்த மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளிச்சிதறல் பக்கம் திருப்பியது. 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு அறிவிக்கப்பட்டது, 1930இல் நோபல் பரிசு வந்தது. அந்தத் தேதியைத்தான் இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆனாலும் வாத்தியங்களை அவர் விட்டுவிடவில்லை. மிருதங்கம், தபலா பற்றி 1920இல் சக ஆய்வாளர் ஒருவரோடு எழுதியவர், 1934இல் மறுபடியும் அதே விஷயத்துக்கு வந்தார். தோலின் நடுவே பூசும் கருஞ்சாந்து எப்படி அந்தத் தாளவாத்தியத்துக்குச் சுருதி தருகிறது என்பதை விளக்கினார். 1933இல் பெங்களூருவில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார், 1948இல் தன் பெயரில் சொந்த ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா பெற்றார். 1970 நவம்பர் 21 அன்று பெங்களூருவில் காலமானார்.

அப்போ நம்ம கிட்டாருக்கு?

தம்புராவில் கம்பி உரசுவது அதன் முனையில், வழவழப்பான பரப்பில், மெல்ல. ஆக்‌ஷன் குறைந்த கிட்டாரில் கம்பி வழியில் நிற்கும் கம்பித் துண்டில் ‘டக் டக்’ என்று இடிக்கிறது. அதனால் ஸ்வரம் நீளாமல் சீக்கிரமே அணைந்துவிடுகிறது. இரண்டுமே உரசல்தான், எங்கே எப்படி என்பதில்தான் வித்தியாசம்.

அதனால் பஸ் வந்தால் பதறாமல், எங்கே இடிக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். முதல் சில ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைந்தால், நெக் அளவுக்கு மீறி நேராக இருக்கலாம். அது ட்ரஸ் ராட் வேலை. மேல் ஃப்ரெட்டுகளில் இரைந்தால் பிரிட்ஜில் சாடில் ரொம்ப இறங்கியிருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றால், பக்கத்து ஃப்ரெட் ஒன்று உயர்ந்து நிற்கிறதா பாருங்கள்.

இறக்குவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் சரியாக ட்யூன் பண்ணுங்கள். அப்புறம் நெக், அதன்பிறகு சாடில். ஆலன் கீயைக் கால் சுற்று திருப்பி, மறுபடியும் ட்யூன் செய்து, வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு சுமார் 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு சுமார் 1.5 மி.மீ. இடைவெளி பலருக்கும் வசதியாக இருக்கும். ட்ரஸ் ராடில் கை வைக்கப் பயமா இருந்தா, தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நட்டை மட்டும் அவசரப்பட்டு அராவாதீர்கள். ஸ்க்ரூவைத் திருப்பி ஏற்றிவிடலாம், அராவிய நட்டைப் பழையபடி ஆக்க முடியாது.