கணிப்பொறிக்கு மொழி தந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணிப்பொறித் துறை ஆண்களுக்கே உரியது என்று எண்ணுவோர் இன்றும் உளர். ஆனால் ஒரு கணிப்பொறிக்கென எழுதிய நிரலை மற்றொரு கணிப்பொறியிலும் இயங்கச் செய்ய இயலும் என்று நம்பி, அதற்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களுள் முன்வரிசையில் நின்றவர் ஒரு பெண்மணி. கணித ஆசிரியையாக வாழ்வைத் தொடங்கி, அமெரிக்கக் கடற்படையின் ரியர் அட்மிரலாக உயர்ந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையாரே அவர். அன்னாரது வாழ்வைச் சற்றுக் காண்போமா, தோழியரே!

1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார் கிரேஸ். மூன்று குழந்தைகளில் இவரே மூத்தவர். ஏழு வயதில், அலாரக் கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று அறியும் ஆவலில் அதைக் கழற்றிப் பார்த்தார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. உடனே அடுத்த கடிகாரத்தைக் கழற்றினார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாயின! அன்னையார் அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றிக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டினார். மகளின் அறிவுப் பசியை அணைக்காமல் காத்த அத்தாயை நாம் போற்ற வேண்டும்.

பதினாறு வயதில் வாசர் மகளிர் கல்லூரியில் சேர விண்ணப்பித்த கிரேஸ், இலத்தீன் மொழித் தேர்வில் தோல்வியுற்றார். மனம் உடையாமல் மேலும் ஓராண்டு படித்து, மறு ஆண்டு இடம் பெற்றார். 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே பேராசிரியையாகப் பணியாற்றினார். பொதுத் தேர்வை எண்ணி அஞ்சும் நமக்கு அந்த இலத்தீன் தேர்வு ஓர் ஆறுதல் அன்றோ?

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாட்டுக்குப் பணியாற்ற விரும்பிய அம்மையார் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர முயன்றார். வயதோ அதிகம், உடல் எடையோ குறைவு. ஆயினும் விடாது முயன்று, சிறப்பு அனுமதி பெற்று 1943 டிசம்பரில் சேர்ந்தார். பயிற்சியில் முதலிடம் பெற்ற அவரை, 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் 1 என்னும் கணிப்பொறிக்கு அனுப்பினர். 51 அடி நீளமும் 5 டன் அளவு எடையும் கொண்ட பெரும் பொறி அது! வினாடிக்கு மூன்று கூட்டல் கணக்குகள் செய்யும். அதற்கு இட வேண்டிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுத் தர வேண்டும். அந்தப் பொறியின் செயல்முறையை விளக்கும் பெரியதொரு கையேட்டையும் அம்மையாரே எழுதினார்.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்தில் கொள்ளுதல் வேண்டும். அக்காலத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனியான எண் மொழி இருந்தது. ஒரு பொறிக்காகப் பல மாதங்கள் வருந்தி எழுதிய நிரல், புதிய பொறி வந்ததும் குப்பைக்குப் போகும். பெரிய வகுப்பு அக்காமார் இரவெல்லாம் கண்விழித்து எழுதிய குறிப்பேடு, பாடத்திட்டம் மாறியதும் பயனற்றுப் போவதைப் பார்க்கிறோமே, அதுபோலத்தான். பொறி பழையதானால் வீசிவிடலாம். அதற்குள் அடங்கிய மனித உழைப்பையும் வீசத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியதே அம்மையாரின் பிற்கால வாழ்வு.

1949இல் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி ஆகியோரின் கணிப்பொறி நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். அங்கிருந்த ஒரு கணிப்பொறி, எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் இயங்கியது. அதிலேயே ஊறிப்போன அம்மையாரின் சொந்த வங்கிக் கணக்கு சரியாக வரவில்லை. வங்கியில் பணிபுரிந்த தம்பியிடம் காட்டியபோதுதான், தம் பணத்தையும் எட்டின் முறையிலேயே கழித்து வந்தது தெரிந்தது! மனிதர் பொறியின் மொழியில் எண்ணுவதைவிட, பொறி மனிதரின் மொழியைக் கற்பதே முறை என்பது அவரது எண்ணமாயிற்று.

அடிக்கடி தேவைப்படும் கணக்கு முறைகளை நிரல் எழுதுவோர் தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்து, ஒருவர் மற்றவரிடமிருந்து பார்த்து எழுதுவது வழக்கம். அப்போது பிழைகள் மலிந்தன. இந்த வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்ன என்று சிந்தித்தார் அம்மையார். அந்தப் பகுதிகளையெல்லாம் காந்த நாடாவில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தார். அடையாளத்தைச் சொன்னால் போதும். பொறியே உரிய பகுதியைத் தேடி எடுத்து, இணைத்து, முழு நிரலாக்கிவிடும். 1952இல் உருவான இந்த ஏ-0 என்பதைத் தொடக்ககாலக் கம்பைலர்களுள் முதன்மையானது என்பர். கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று கூறிப் பலர் அதை நம்ப மறுத்தனர்.

பின்னர் ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் முறையை அமைத்தார். அதே கட்டளைகளைப் பிரெஞ்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் இட்டுக் காட்டினார். அமெரிக்கப் பொறிக்கு அயல்மொழி எப்படிப் புரியும் என்று மேலாளர்கள் திகைத்தனர்! எம்மொழிச் சொல்லாயினும் பொறிக்கு அது வெறும் குறியீடே என்பதை விளக்க அம்மையார் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது.

1959இல் அரசினரும் பல நிறுவனத்தாரும் கூடி, எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவான ஒரு வணிக மொழியை உருவாக்க முடிவு செய்தனர். அதுவே கோபோல். ஜீன் சாமெட் முதலிய பலர் கூடி அதை வடிவமைத்தனர். எனினும் அதற்குப் பெரிதும் அடிப்படையாக அமைந்தது அம்மையாரின் ஃப்ளோ-மேட்டிக் மொழியே. 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரல், ஆர்.சி.ஏ. 501, யூனிவாக் 2 என்னும் இருவேறு நிறுவனப் பொறிகளில் இயங்கிக் காட்டியது. உழைப்பை வீச வேண்டியதில்லை என்பது மெய்யாயிற்று.

1966இன் இறுதியில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மையாரை, மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்கெனத் திரும்ப அழைத்தனர். பொது மொழி என்று பெயர் இருந்தும், நிறுவனத்துக்கு நிறுவனம் கோபோல் சற்றே மாறியிருந்தது. கம்பைலர்கள் விதிப்படி அமைந்துள்ளனவா என்று சோதிக்கும் பணியை அவர் தலைமையில் நடத்தினர். அந்த ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது! 1986இல் தம் 79ஆம் வயதில்தான் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். ஆர்லிங்டன் கல்லறையில் துயில்கிறார்.

அவர் உழைத்த வழியின் பயனை இன்று விண்வெளியிலும் காண்கிறோம். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலமும், 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியும் வெவ்வேறு பிராசசர்களைக் கொண்டவை. இரண்டையும் இயக்கியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் ஒரே இயக்க முறைமை. குறித்த நொடியில் குறித்த வேலையை முடித்தே தீர வேண்டிய வகையைச் சேர்ந்தது அது. இத்தகைய முறைமையைப் புதிய பிராசசருக்குக் கொண்டுசெல்லும்போது, ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பகுதி, கடிகாரத்தை இயக்கும் பகுதி, வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கும் பகுதி ஆகிய சிலவற்றையே புதிதாக எழுதுவர். மற்றவற்றைக் கம்பைலரே புதிய பொறியின் மொழிக்கு மாற்றித் தரும். பின்னர் காலம் தவறுகிறதா என்று சோதிப்பர். ஏனெனில் அங்கே காலம் கடந்து வரும் சரியான விடையும் தவறான விடையே.

காலத்தின் அருமையை அம்மையார் நன்கு அறிந்தவர். நூறு கோடியில் ஒரு பங்கு வினாடியில் மின்சாரம் செல்லக்கூடிய அதிகபட்சத் தொலைவைக் காட்ட, ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான கம்பித் துண்டுகளைக் கூட்டங்களில் வழங்குவார். அவரது அறைச் சுவரிலோ இடமிருந்து வலமாகச் சுற்றாமல் எதிர்ப்புறமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று தொங்கியது. வழக்கம் என்பதற்காக மட்டும் ஒன்றைப் பின்பற்ற வேண்டியதில்லை என்பதை அது நினைவூட்டியது.

தோழியரே! நாம் கற்பவை யாவும் நம்மோடு முடிந்துபோகாமல், நமக்குப் பின் வரும் தங்கையருக்கும் பயன்படுமாறு செய்வோம். இறைவன் தந்த அறிவை முடங்கவிடாமல், அம்மையாரைப் போல் முதுமையிலும் உழைப்போமாக!