கண்ணியமிகு காயிதே மில்லத்: நன்றியுடன் ஒரு நினைவு

சமுதாயத்திற்காக உழைத்த சான்றோரை நன்றியுடன் நினைவுகூர்வது நம் கடமையாகும். அவர்களுள் முன்னணியில் நிற்பவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அன்னார், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பட்டப்படிப்பையே துறந்தார்கள்.

நாட்டுப் பிரிவினைக்குப் பின், முஸ்லிம் லீகைக் கலைத்துவிடுமாறு பல திசைகளிலிருந்தும் வற்புறுத்தல் எழுந்தது. உடனிருந்தோர் பலர் விலகினர். அச்சம் சூழ்ந்த அவ்வேளையில், 1948 மார்ச்சில் சென்னையில் கூடி இயக்கத்தைத் தொடர முடிவெடுத்தபோது, தலைமைப் பொறுப்பை அன்னாரே ஏற்றார்கள். இந்நாடே நம் நாடு. உரிமையைச் சட்டத்தின் வழியே கேட்போம் என்பதே அவர்கள் காட்டிய பாதை.

1949-ல் அரசியல் நிர்ணய சபையின் ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மையை அளவுகோலாகக் கொண்டால் அத்தகுதி தமிழுக்கு உண்டு என எடுத்துரைத்தார்கள். மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இத்தமிழரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர்.

பதவிகள் வந்தபோதும் எளிமை மாறவில்லை. 1972 ஏப்ரல் 5 அன்று மறைந்த அன்னார், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் துயில்கின்றார்கள்.

கொள்கையில் உறுதி, சொல்லில் கண்ணியம், பொதுப்பொறுப்பில் அமானிதம் - இம்மூன்றும் நமக்குரிய படிப்பினைகள். நன்றி என்பது புகழ்வதோடு நிற்பதன்று, அவ்வழி நடப்பதாகும். வல்ல அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்றருள்வானாக! ஆமீன்.